மொட்டைமாடி வயர்லெஸ் ரேடியோவின் கேபிளை இடி, மழை, வெயிலிலிருந்து காப்பது

தோப்பு மோட்டார் ரூமில் ஒரு கேமரா இருந்தால் தேவலை என்று இப்போது நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒயர் திருட்டு, தேங்காய்த் திருட்டு, ராத்திரியில் மாடு புகுவது என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் இணையம் இருக்கும், தோப்பில் இருக்காது. அதற்கு எளிய வழி, வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரேடியோ, தோப்பில் ஒரு ரேடியோ. இணையத்தைக் கம்பியில்லாமல் கடத்தும், 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் வெள்ளைப் பெட்டிகள் இவை. நடுவில் மரமோ கட்டடமோ மறைக்காமல் இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும்.

போட்ட புதிதில் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் ஒரு சித்திரை மாத சாயங்காலம் கோடை இடி இடித்து ஓய்ந்ததும் மாடிப் பெட்டியில் விளக்கு எரியாது. சில வீடுகளில் அதோடு ரூட்டரும் போயிருக்கும், ரூட்டரோடு இணைத்த டிவியும் போயிருக்கும். "இடி விழுந்துடுச்சு" என்பார்கள். உண்மையில் அந்த வீட்டின் மேல் இடி விழுந்திருக்காது. எங்கேயோ பக்கத்தில் விழுந்திருக்கும். வீட்டுக்குள் வந்த வழி, மாடியிலிருந்து இறங்கும் அந்தக் கறுப்புக் கேபிள்தான்.

அந்தக் கேபிளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெட்டி வாங்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் கேபிளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

முதலில் அது என்ன கேபிள் என்று பார்த்துவிடலாம். ஈதர்நெட் கேபிள் என்பார்கள். உள்ளே எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. தரவும் அதிலேயே போகிறது, ரேடியோவுக்கான கரண்டும் அதிலேயே போகிறது. இதைத்தான் பி.ஓ.இ. என்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு சின்ன அடாப்டர் 24 வோல்ட் அல்லது 48 வோல்ட் டி.சி.யைக் கேபிளுக்குள் ஏற்றி மாடிக்கு அனுப்பும். ஆக, திறந்த வெளியில் உயரமாக நிற்கும் ஓர் உலோகக் கம்பத்திலிருந்து வீட்டின் நடுக்கூடம் வரை அறுபடாத ஒரு செம்புப் பாதையை நாமே போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இடி எப்படி உள்ளே வருகிறது

நேரடியாக நம் கம்பத்திலேயே விழுவது ஒரு வகை. ஒரு சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அது கம்பத்தின் வழியாக வந்தால் ரேடியோ பிழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது வீட்டையும் வீட்டில் இருப்பவர்களையும். ரேடியோ போனால் போகட்டும்.

ஆனால் நேரடி இடி அபூர்வம். அடிக்கடி நடப்பது இரண்டாவது வகை. 50 மீட்டர் தள்ளி நிற்கும் தென்னையில் மின்னல் இறங்குகிறது என்று வையுங்கள். அவ்வளவு மின்னோட்டம் ஒன்றிரண்டு மைக்ரோ விநாடிக்குள் பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்கு ஏறும்போது சுற்றிலும் காந்தப்புலம் படாரென்று மாறுகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பி வளையம் இருந்தால் அதில் வோல்டேஜ் தூண்டப்படும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஃபாரடே விதிதான். நம் வீட்டில் வளையம் எங்கே இருக்கிறது? மாடியிலிருந்து ஒரு சுவர் வழியாக ஈதர்நெட் கேபிள் இறங்குகிறது. இன்னொரு சுவர் வழியாகக் கரண்ட் ஒயர் வருகிறது. இரண்டும் ரூட்டர் மேசையில் சந்திக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே சிக்கிய பரப்பு 20 சதுர மீட்டர் இருந்தால்கூட சில நூறு வோல்ட்டிலிருந்து சில ஆயிரம் வோல்ட் வரை அதில் தூண்டப்படலாம். ஈதர்நெட் போர்ட்டுக்கு உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் தாங்கினால் போதும் என்பதுதான் தரம். கரண்ட் போகும் ஜோடிகளுக்குப் பெரும்பாலான மலிவு ரேடியோக்களில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மூன்றாவது வகை தரை வழியாக வருவது. இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. மின்னல் இறங்கிய இடத்தில் தரையின் வோல்டேஜே சில கணம் எகிறும். இடத்துக்கு இடம் அது வேறுபடும். ஒரு கேபிளின் ஒரு முனை ஒரு எர்த்தையும் மறுமுனை வேறொரு எர்த்தையும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் கேபிள் தலையில் விழும்.

தடுப்பது அல்ல, சேர்ந்து ஏறுவது

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. மின்னலை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது. 'இடியைத் தடுக்கும்' என்று விற்கும் எந்தக் கருவியும் அதைத் தடுப்பதில்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. கம்பம், கேபிள், ரேடியோ, அடாப்டர், வீட்டு எர்த் எல்லாமே ஒரே நேரத்தில் ஒரே அளவு வோல்டேஜுக்கு ஏறி, ஒரே நேரத்தில் இறங்கும்படி ஏற்பாடு செய்வது. 11,000 வோல்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதன் உடம்பும் அதே 11,000 வோல்ட்டில்தான் இருக்கிறது. இரண்டு காலுக்கும் நடுவே வித்தியாசம் இல்லாததால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அது இறக்கையை விரித்துப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால்தான் கதை முடியும். ரேடியோவைக் கொல்வதும் வோல்டேஜ் அல்ல, வோல்டேஜ் வித்தியாசம்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உதாரணத்துக்கு, கம்பத்துக்கென்று தனியாக ஒரு எர்த் ராடு அடிப்பது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்த ராடின் தடை 10 ஓம் என்று வைப்போம், அது நல்ல எர்த்தான். அதன் வழியாக 10,000 ஆம்பியர் இறங்கினால் கம்பம் இருக்கும் வோல்டேஜ் என்ன? பத்தாயிரத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு லட்சம் வோல்ட். வீட்டு எர்த் வேறொரு குழியில், கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒரே கம்பி நம் ஈதர்நெட் கேபிள். ஒரு லட்சம் வோல்ட் எந்த வழியாக வீட்டுக்குள் நுழையும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே தனி ராடு அடிக்கலாம், ஆனால் அதை வீட்டு எர்த்தோடு கனமான கம்பியால் இணைத்தே தீர வேண்டும். வீட்டில் எத்தனை எர்த் இருந்தாலும் அத்தனையும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சாமானுக்கு 'தனி எர்த், சுத்தமான எர்த்' என்று யாராவது சொன்னால், அதையும் மற்றதோடு இணைப்பீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு எலெக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமல்ல. பழைய வீடுகளில் பச்சை ஒயர் சுவிட்ச் போர்டு வரை வந்து அங்கேயே நின்றிருக்கும். குழி இருந்தாலும் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த ஜி.ஐ. பைப்பை அந்த உப்பே இத்தனை வருஷத்தில் தின்றிருக்கும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. கோடை இடி வருகிற சித்திரை வைகாசியில்தான் மண் காய்ந்து கிடக்கும், எர்த்தின் தடையும் அப்போதுதான் அதிகமாக இருக்கும். குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான்.

எர்த் கம்பி

கம்பத்திலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருப்பது முறை. விலை கொஞ்சம் உறைக்கும். ஆனால் கனத்தைவிட முக்கியமானது அதன் நீளமும் போகும் வழியும்.

மின்னல் மாதிரி வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் ஓம் கணக்கு பெரிதல்ல, அதன் இண்டக்டன்ஸ்தான், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்தான் பெரிது. நேரான கம்பிக்கு இது மீட்டருக்கு சுமார் 1 மைக்ரோஹென்றி. தடிமனைக் கூட்டினாலும் இது பெரிதாகக் குறையாது. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் நிற்கும். பத்து மீட்டர் கம்பி என்றால் ஒரு லட்சம். மீதியிருக்கும் எர்த் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டி வைப்பது பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் அந்தச் சுருள் இண்டக்டன்ஸை இன்னும் ஏற்றிவிடும். மீதியை வெட்டி எறியுங்கள். நேராக, குட்டையாக, வளைவு இருந்தாலும் அகலமான வளைவாக இறக்குங்கள். அந்தக் கம்பியையும் ஈதர்நெட் கேபிளையும் ஒரே பைப்புக்குள் போட வேண்டாம், ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் தூண்டும்.

கம்பத்தோடு இணைக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, கம்பி முனையில் நசுக்கிப் பொருத்திய லக் வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். செம்பு லக்கை ஜி.ஐ. பைப்பின் மேல் நேரடியாக வைத்தால் மழைநீர் பட்டுப் பட்டு ஜி.ஐ. அரித்துப்போகும். ஈயம் பூசிய லக் கேட்டு வாங்குங்கள். பைப்பைக் கைப்பிடிச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறோம், அதுவே எர்த் ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. கைப்பிடிச் சுவரின் கம்பி கீழே அஸ்திவாரம் வரை தொடர்ச்சியாகப் போகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ரேடியோவைக் கம்பத்தின் உச்சியில் மாட்டாமல் ஒன்றரை இரண்டு அடி கீழே மாட்டுவதும் நல்ல வழக்கம். நேரடியாக விழுந்தாலும் பைப்பின் முனையில் விழட்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டு அறையோ இருந்து, அதன் பக்கவாட்டுச் சுவரில் மாட்டினாலே தோப்பு தெரியும் என்றால் உயரமான கம்பமே வேண்டாம்.

சர்ஜ் புரொடெக்டர்

கம்பத்துக்கு எர்த் கொடுத்தாயிற்று. ஆனால் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளை எர்த்தோடு இணைக்க முடியாதே, இணைத்தால் தரவும் போகாது, கரண்டும் போகாது. சாதாரண நேரத்தில் எர்த்தோடு சேராமலும், ஆபத்து நேரத்தில் மட்டும் சேர்ந்தும் இருக்கும் ஒரு வாசல் தேவை. சர்ஜ் புரொடெக்டர் செய்வது அதைத்தான். உள்ளே வாயு நிரம்பிய சின்னக் குழாய்கள் இருக்கும். பெரும்பாலும் 90 வோல்ட் தாண்டினால் அந்த வாயு கடத்தியாக மாறி, ஆயிரக்கணக்கான ஆம்பியரை எர்த்துக்குத் தள்ளும். ஆனால் அது முழிக்கச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியைச் சமாளிக்க டி.வி.எஸ். டையோடுகள் இருக்கும். அவை நொடியில் கோடியில் ஒரு பங்குக்குள் வேலை செய்துவிடும், ஆனால் பெரிய பாரம் தாங்காது. நல்ல புரொடெக்டரில் இரண்டும் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, எட்டுக் கம்பிகளுக்கும் பாதுகாப்பு உண்டா என்பதை. மலிவான சிலவற்றில் 1, 2, 3, 6 என்ற நான்குக்கு மட்டும்தான் இருக்கும். பி.ஓ.இ. கரண்ட் போகும் 4, 5, 7, 8 சும்மா தாண்டிப் போயிருக்கும். 'பி.ஓ.இ. வகை', 'கிகாபிட்' என்று இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள்.

மாட்டும் இடம் இரண்டு. ஒன்று மேலே கம்பத்தில், ரேடியோவுக்கு அருகில். இன்னொன்று கீழே, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவருக்கு வெளிப்பக்கம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் வோட்டு கீழே இருப்பதற்கு. அது காப்பது ரூட்டரையும் டிவியையும் வீட்டையும். மேலே இருப்பது காப்பது ரேடியோவை மட்டும்தான்.

இதற்கும் எர்த் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். ஒரு அடி என்றால் உத்தமம். 5,000 ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில் ஏறினால் மீட்டருக்கு 600 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பது கணக்கு. ஐந்து மீட்டர் கம்பி போட்டால் 3,000 வோல்ட். புரொடெக்டர் நூறு வோல்ட்டுக்குள் அடக்கினாலும் ரூட்டர் பார்ப்பது அந்த மூவாயிரத்தை. சிலவற்றில் எந்தப் பக்கம் வெளிக்கேபிள், எந்தப் பக்கம் கருவி என்று குறித்திருப்பார்கள், மாற்றிப் போட்டால் பலன் குறையும். எர்த் கம்பியே இணைக்காமல் டேப் சுற்றித் தொங்கவிட்ட புரொடெக்டர்களை ஊரில் நிறையப் பார்க்கலாம். அவற்றால் வேலை ஒன்றும் நடக்காது, கேபிளில் கூடுதலாக ஒரு மூட்டு என்பதுதான் மிச்சம்.

சரி, கேபிளிலேயே கவசம் உள்ள வகை என்று விற்கிறார்களே, அது எதற்கு? எட்டுக் கம்பிகளையும் சுற்றி ஒரு அலுமினியத் தாள், அதை ஒட்டியபடி தோல் உரித்த மெல்லிய கம்பி ஒன்று. டிரெயின் ஒயர் என்பார்கள். வெளியே உண்டாகும் தூண்டல் உள்ளே இருப்பவற்றை நேரடியாகத் தாக்காமல் கவசம் ஏந்திக்கொண்டு எர்த்துக்கு அனுப்பும். அனுப்ப வழி இருந்தால்தான். அதற்கு முனையில் போடும் ஆர்ஜே45 ஜாக் உலோக உடம்புள்ளதாக இருக்க வேண்டும், டிரெயின் ஒயரை அந்த உலோகத்தோடு சேர்த்து நசுக்கியிருக்க வேண்டும், அந்த ஜாக் போய்ச் சேரும் புரொடெக்டர் உடம்பு எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். கவசக் கேபிளை வாங்கி, டிரெயின் ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் ஜாக் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கொடுத்த கூடுதல் காசு அங்கேயே வீணாகிறது.

கேபிளை ஜி.ஐ. கம்பத்துக்கு உள்ளேயே இறக்கினால் இரட்டை லாபம், பைப்பே கவசமாகவும் நிழலாகவும் இருக்கும். பைப்பின் மேல்வாய்க்கு மூடி போடுங்கள். கேபிள் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் வையுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பைப் விளிம்பில் உரசும் கேபிள் தோல் எத்தனை நாள் தாங்கும்?

மழையும் வெயிலும்

இடி ஒரே கணத்தில் கொல்கிறது, அதனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். கேபிளை அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. மழைக்காலத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும், 100 மெகாபிட் வர வேண்டிய இடத்தில் 10 வரும், வெயில் அடித்தால் சரியாகும். அப்படி இருந்தால் ஜாக்கைக் கழற்றிப் பாருங்கள்.

கழற்றினால் தெரிவது இதுதான். எட்டுத் தங்க நிறப் பற்களில் சில பளபளப்பாக இருக்கும். 4, 5 என்ற இரண்டு பற்கள் மட்டும் பச்சை பூத்து, சுரண்டினால் உதிரும். 24 வோல்ட் ரேடியோக்களில் பாசிடிவ் போவது பெரும்பாலும் அந்த இரண்டில்தான். ஈரமும் டி.சி. கரண்டும் சேர்ந்தால் மின்பகுப்பு நடக்கிறது, பாசிடிவ் பக்கத்து உலோகம் கரைந்து போகிறது. ஒரு துளி தண்ணீர் போதும், கரண்ட் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறதே.

தண்ணீர் ஜாக் வழியாக மட்டும் நுழைவதில்லை. தோலில் எங்கேயாவது ஒரு கீறல் இருந்தால் உள்ளே இறங்கி, கம்பிகளுக்கு நடுவே கசிந்து கசிந்து கேபிளின் கீழ்முனை வரை வந்து சேரும். ரூட்டர் மேசையில் காரணமில்லாமல் ஈரம் தெரிந்தால் அது கேபிளுக்குள்ளிருந்து வந்ததாக இருக்கலாம். இதற்காகவே உள்ளே பசை நிரப்பிய கேபிள் உண்டு. தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கும், ஜாக் போடுகிறவர்கள் திட்டுவார்கள், ஆனால் தண்ணீர் நகராது.

தோல் ஏன் கீறுகிறது? கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் சாம்பல் நிறக் கேபிள் பி.வி.சி. தோல் உள்ளது, வீட்டுக்குள் போடுவதற்கானது. நம் வெயிலில் ஓரிரு வருஷத்தில் வெளுத்து, மாவு மாதிரி உதிர்ந்து, வளைத்தால் வெடிக்கும். வெளியில் போடுவதற்கான கேபிளின் தோல் பாலிஎத்திலீன், அதில் இரண்டு மூன்று சதவீதம் கார்பன் கரி கலந்திருக்கும். புற ஊதாக் கதிரை அந்தக் கரி விழுங்கிவிடுகிறது. கறுப்பாக இருக்கும் எல்லாமே அந்த வகையல்ல, கறுப்பு பி.வி.சி.யும் விற்கிறார்கள். கேபிளின் மேலேயே அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள்.

அதே அச்சில் இன்னொன்றும் பாருங்கள். சி.சி.ஏ. என்று இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை பாதிக்குப் பாதி குறையும். ஆனால் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், நீண்ட கேபிளில் ரேடியோவுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். ஈரம் பட்டால் அலுமினியம் இன்னும் சீக்கிரம் அரிக்கும், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் போதும், உள்ளே வெள்ளை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கேபிள் சுவர் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு சாண் அளவுக்குக் கீழே தொங்கி, மறுபடி மேலேறி நுழைய வேண்டும். கேபிள் வழியாக ஓடிவரும் மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், மேலேறாது. ரேடியோவின் அடியிலும் அதே மாதிரி ஒரு தொங்கல் வையுங்கள். சுவரில் ஓட்டை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துத் துளையுங்கள். இவ்வளவுக்கும் பைசா செலவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

திறந்த மூட்டுகளுக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் போதாது. வெயிலில் பசை உருகி, டேப் அவிழ்ந்து, கறுப்புப் பிசின்தான் மிஞ்சும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது. அதை இழுத்து, கிட்டத்தட்ட இரட்டிப்பு நீளமாக்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாச் சுற்றும் ஒரே ரப்பராகிவிடும். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போது விளிம்புகள் கீழ்நோக்கி இருக்கும், வழியும் நீர் உள்ளே போகாது. அதன் மேல் வெயிலுக்காக நல்ல பி.வி.சி. டேப் ஒரு சுற்று. சிலிக்கான் பூசுவதானால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாசம் அடித்தால் அதில் அசிட்டிக் அமிலம் வருகிறது, அது செம்பை அரிக்கும். வாசமில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

பெட்டியை ஓட்டையே இல்லாமல் அடைப்பதும் தப்பு. பகலில் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். மேலும் பக்கமும் அடைத்துவிட்டு, அடியில் ஒரு சின்னத் துளை விடுங்கள். பி.வி.சி. பைப்புக்குள் கேபிள் போட்டாலும் தாழ்வான வளைவில் ஒரு துளை.

வெள்ளை நைலான் டேக் ஒரு கோடைக்கு மேல் தாங்காது, கறுப்பில் யு.வி. வகை வாங்குங்கள். கடற்கரை ஊர் என்றால் கிளாம்பும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புக்காற்றில் ஜி.ஐ. சீக்கிரம் துருப்பிடிக்கும். தோப்புப் பக்கம் அணில் தொல்லை கண்டிப்பாக உண்டு. கேபிளை எதற்குக் கடிக்கிறது என்று அதற்கே வெளிச்சம். மரத்தை ஒட்டிப் போகும் இடத்திலாவது ஃபிளெக்சிபிள் ஸ்டீல் குழாய் போடுங்கள்.

மோட்டார் ரூம் பக்கம்

தோப்பு முனையிலும் இதே வேலைதான், ஆனால் அங்கே எர்த் வீட்டைவிட மோசமாக இருக்கும், சுற்றிலும் உயரமான தென்னை நிற்கும். மூன்று ஃபேஸ் லைன் வெட்டவெளியில் நீளமாக வருவதால் இடி அந்த வழியாகவும் வரும். கேபிளுக்குப் புரொடெக்டர் போட்டுவிட்டுக் கரண்ட் பக்கத்தை விட்டுவிட்டால் பயனில்லை. கரண்ட் பெட்டியிலும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் தேவை, கேபிளின் புரொடெக்டரும் அதுவும் ஒரே எர்த் பட்டையில் சேர வேண்டும்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே நெட்வொர்க் செம்புக் கம்பி இல்லை, காற்றுதான். இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் நெட்வொர்க் வழியாக நம் கருவிகளை எட்டவே வழியில்லை. கேமராவும் ரேடியோவும் மோட்டார் ரூமுக்குள் ஒரே சுவிட்சில் இணைந்து, எல்லாக் கேபிளும் ஒரே சுவர் வழியாக நுழைந்தால் வளையப் பரப்பும் குறையும்.

செம்பே வேண்டாம், ஃபைபர் போடலாமே என்று கேட்கலாம். மாடியில் ரேடியோவுக்குக் கரண்ட் எப்படியும் செம்பில்தான் போயாக வேண்டும், அதனால் அங்கே முழு விடுதலை கிடையாது. ஆனால் மாடி ரேடியோவின் அடாப்டருக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவே, செம்பில் வரும் தரவை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டும் சில மீட்டர் ஃபைபரும் போட்டால் நெட்வொர்க் வழியாக ரூட்டருக்கு எதுவும் தாவாது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஃபைபரில் பலத்துக்காக ஒரு இரும்புக் கம்பி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபைபர் கடத்தாது, அந்த இரும்பு நன்றாகவே கடத்தும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டிவிட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும், இடி வருவது முன்கூட்டியே தெரிந்தால் அடாப்டரின் கரண்ட் பிளக்கையும், அதிலிருந்து ரூட்டருக்குப் போகும் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுவதுதான் மலிவான பாதுகாப்பு. சுவிட்சை மட்டும் அணைப்பது பயன்படாது, அணைத்த சுவிட்சுக்குள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிகூட இல்லை. பூனாவில் உள்ள ஐ.ஐ.டி.எம். என்ற வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் இறங்கினால் எச்சரிக்கும், போனில் வைத்துக்கொள்ளலாம். செயலி இல்லாவிட்டாலும், மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்கப்புறம் கேபிளையும் தொடாதீர்கள், மாடிக்கும் போகாதீர்கள். கழற்றுவதானால் அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி மாட்டலாம்.